காதுக்குப் பின்னால் கரி

இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "ரோண்டா, அன்னைக்கு எத்தனை பீர்?" என்று கேட்பார்கள். ஒன்றுகூட இல்லை. ஆறிப்போன டீ ஒரு குவளை, காய்ந்த ரொட்டி இரண்டு துண்டு, அவ்வளவுதான். நம்பினால் நம்புங்கள். எனக்கு நடந்ததை எனக்கு நடந்தபடிதான் சொல்லத் தெரியும்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பழங்குடிப் பிள்ளைகளில் நிறம் வெளுத்தவர்களாகப் பார்த்து, வெள்ளைக்காரப் பிள்ளைகளாக வளர்க்கிறோம் என்று அரசாங்க ஆட்கள் தூக்கிக்கொண்டு போன காலத்தில், டார்லிங் ஆற்றங்கரையிலிருந்து அம்மாவைக் காரில் ஏற்றினார்கள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. தூரத்து ஊரில் ஒரு விடுதியில் விட்டு, பெயரையும் மாற்றிவிட்டார்கள். "உன் அம்மாவே வேண்டாம்னு குடுத்துட்டா" என்று அங்கே சொன்னார்கள். பாவி மனுஷி, கடைசிவரை அதை நம்பினாள். என்னால் நம்ப முடியவில்லை. அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஆற்றங்கரைக்குப் போனேன்.

கரையில் எங்கள் ஆட்கள் முன்பு குடியிருந்த பழைய முகாமுக்கு என்னைக் கூட்டிப்போனவர், அங்கேயே பிறந்து வளர்ந்த ஐலீன் ஆன்ட்டி. எழுபதை நெருங்கியும் வாய் ஓயாதவர். பாலை அள்ளி ஊற்றின டீ மாதிரி இருக்கிறாய் என்று என் நிறத்தைக் கிண்டல் செய்தார். அந்த முகாமில் மூன்று குடும்பங்கள் பெண்பிள்ளையைப் பறிகொடுத்திருந்தன. அதில் எது என் குடும்பம் என்று அவருக்கும் தெரியவில்லை.

முகாமில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தகரக் குடிசை. ஒரு ராத்திரி அங்கே படுக்கிறேன் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

"மழை வந்தா இந்தக் கரிசல் பாதையில எந்த வண்டியும் வராது, கண்ணு. காயிற வரைக்கும் நீ தனிதான்," என்றார். வண்டியைக் கிளப்பிவிட்டு மறுபடி தலையை நீட்டினார். "இருட்டினப்புறம் விசில் மட்டும் அடிக்காத. எவனாவது பதிலுக்கு விசில் அடிப்பான்."

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பாதை களியாகக் குழைந்தது. தீப்பெட்டி நனைந்துவிட்டதால் அடுப்பு மூட்ட வழியில்லை. மூட்ட அங்கே விறகும் இல்லை. அடுப்பு வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

மழை விட்டதும் தவளைகள் கத்த ஆரம்பித்தன. இந்த இடத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் அம்மா இல்லை என்பது உறைத்தது. அப்படி ஒரு தனிமையை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். வாளியில் பிடித்த மழைத் தண்ணீரில் சோப்புப் போட்டு முகம் கழுவினேன்.

அப்போது மணி ஆறு பத்து. நன்றாக இருட்டியிருந்தது.

தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடின.

தூரத்தில்... கார் சத்தம்.

இந்தச் சேற்றிலா? எட்டிப் பார்த்தேன். வெளிச்சமே இல்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. டர்ர்... டர்ர்...

கதவைச் சாத்தினேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் ஒடுங்கினேன்.

ஆட்டுக் கொழுப்பு வாடை.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

கத்த வாயைத் திறந்தேன். ஒரு கை என் வாயைப் பொத்தியது.

இன்னொரு கை என் முகத்தைத் தடவியது. நெற்றி... மூக்கு... தாடை. அங்கேயே நின்றது.

பிறகு தேய்க்க ஆரம்பித்தது. அவசர அவசரமாக. கன்னம், கழுத்து, காதை மடக்கி அதன் பின்னால்...

கார் வாசலில் நின்றது.

போர்வை என் தலைக்கு மேல் ஏறியது. யாரோ என்மேல் கவிழ்ந்து படுத்தார்கள்.

அந்த உடம்பு நடுங்கியது.

பிறகு... கார் போய்விட்டது.

விடிந்ததும் ஐலீன் ஆன்ட்டி செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் நடந்தே வந்தார். பாதையில் ஒரு டயர் தடம்கூட இல்லை என்று பிறகு சொன்னார். அடுப்பு வாயிலிருந்த சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றவர், கிட்டே வந்து என் காதை மடக்கிப் பார்த்தார்.

"அங்கயும் கரி," என்றார். "ஒருத்திதான் இப்படிப் பூசுவா."

பெயரைச் சொல்லவில்லை. இறந்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் எல்லாத் தாய்மாரும் பிள்ளை கறுப்பாகத் தெரிய வெறும் கரித்தூள் பூசுவார்களாம். இவள் மட்டும் மழையிலும் கரையாதபடி கொழுப்பில் கரியைக் குழைத்து, காதுக்குப் பின்னால்கூட விடாமல் பூசுவாளாம். சொந்தக்காரர் கல்யாணம் என்று ஒரே ஒரு நாள் சோப்புப் போட்டு மகளைக் கழுவிவிட்டாள். அன்று சாயங்காலம்தான் கார் வந்தது.

"அதுக்கப்புறம் சாகுற வரைக்கும், கார் சத்தம் கேட்டா கரியை எடுத்துட்டு ஓடுவா. பாவமா இருக்கும். பசங்க நாங்க போய் மூஞ்சியக் காட்டுவோம். தடவிப் பாத்துட்டு, 'இது என் புள்ள இல்ல'ன்னு தள்ளி விட்டுருவா."

ஆன்ட்டியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அந்தக் குடிசையில் எத்தனையோ ராத்திரி படுத்திருக்கிறார்கள். ஒருத்தர் முகத்திலும் கரி இருந்ததில்லையாம்.

"உன்னத் தள்ளி விடலயா?"

"இல்ல, ஆன்ட்டி. போர்வைய இழுத்து மூடுனாங்க."

ஆன்ட்டி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அம்மாவை நினைத்துத்தான் நெஞ்சு வெடித்தது. அவளை யாரும் வேண்டாம் என்று கொடுக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பாதை காய இரண்டு நாள் ஆனது. அதுவரை நான் முகம் கழுவவில்லை.