மில்லு எங்கே என்று யாரைக் கேட்பது?

பல்லக்கா பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, உடைந்த பல்லின் மேல் மாட்டும் 'கேப்' என்ற உறையையும் முழுப் பல்செட்டையும் வீட்டிலேயே செய்து கொடுப்பவள். அவள் சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. கூரியர்காரர்கூட "பல்லக்கா வீடு எது?" என்று கேட்டுத்தான் வருவார்.

முன்னறையில் ஸ்கேனர், அடுத்த அறையில் கம்ப்யூட்டர், சமையலறைக்குப் பின்னால் சத்தத்துக்குப் பயந்து தள்ளிவைத்த மில்லிங் மெஷின். ஸ்கேனர் அச்சைப் படம் பிடிக்கும். அதைக் கம்ப்யூட்டரில் வைத்து அவள் பல்லுக்கு வடிவம் கொடுப்பாள். மெஷின் வெள்ளைக் கட்டியைக் கடைந்து பல்லாக்கித் தரும். மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது வீட்டு ரவுட்டர் வழியாக.

அங்கேதான் வினை. ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும். கரண்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் கலைத்துப் புது எண் கொடுத்துவிடும். ஒரு நாள் ஒரு கடைவாய்ப்பல்லை மெஷினுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தோண்டிப் பார்த்தால், மெஷினின் பழைய எண் கூடத்து டிவிக்குப் போயிருந்தது. இவ்வளவு நேரமும் அந்தப் பல் டிவிக்குள் நுழையப் பார்த்திருக்கிறது. டிவியில் மாமனார் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அது அணைந்து எரிந்ததால்தான் இந்தக் கூத்தே என்றாள். அப்படியானால் இன்னொரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்றார்கள்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அவளே படித்தாள். முதலில் எண்கள் மாறாதபடி ரவுட்டரில் பூட்டினாள். நாளைக்கு ரவுட்டரையே மாற்ற நேர்ந்தால் ஒவ்வொரு மெஷினிலும் எண்ணை மறுபடி எழுதத் தெம்பில்லை என்று, எல்லாவற்றுக்கும் பெயரும் வைத்தாள். மில்லிங் மெஷினுக்கு 'மில்லு'. இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள, உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டிப் பெட்டி வாங்கி அலமாரி மேல் வைத்தாள். "மில்லு எங்கே?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் பெட்டி எண்ணைச் சொல்லும். வெளியுலகத்து விலாசம் எதையாவது கேட்டால் வெளியே விசாரித்துச் சொல்லும். வழி கேட்பதென்றால் இந்தப் பெட்டியிடம்தான் கேட்க வேண்டும் என்று வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் ரவுட்டர் வழியாகச் சொல்லிவைத்தாள்.

வேலை வெண்ணெயாய் ஓடியது. ஒரு காலையில் அலமாரியைத் துடைக்கப் பெட்டியைக் கழற்றி வைத்தாள். வழி சொல்ல ஆளில்லாமல், டிவியில் நெட் வழியாக ஓடிய மாமனாரின் மல்யுத்தம் நின்றுபோனது. ஒருத்தன் இன்னொருத்தனைத் தலைக்கு மேல் தூக்கிய கட்டத்தில் நின்றதால் அவர் வீட்டையே இரண்டாக்கிவிட்டார். அவள் அவசரமாகப் பெட்டியை மறுபடி மாட்டிவிட்டு, அந்தச் சங்கதியை அத்தோடு மறந்தாள்.

அதற்கப்புறம் மில்லு கண்ணாமூச்சி காட்ட ஆரம்பித்தது. காலையில் கிடைக்கும். ஒரு பல் போகும். அடுத்த பல்லை அனுப்பினால், அப்படி ஒரு பெயரே கிடையாது என்று கம்ப்யூட்டர் சாதிக்கும். காபி குடித்துவிட்டு வந்தால் தானாகக் கிடைக்கும். அடியோடு கெட்டுப்போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஒயரை மாற்றினாள். பெட்டி சூடாகிறதோ என்று பக்கத்தில் மின்விசிறி வைத்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். பெட்டியிடம் நேராகக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் சமர்த்தாகப் பதில் சொன்னது. கம்ப்யூட்டரிடம் வந்தால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி.

நடுவில் டாக்டரம்மா போன் செய்து, நோயாளி வந்து உட்கார்ந்திருக்கிறார், கேப் என்ன ஆனது என்று கேட்டார். பெயரை விட்டுவிட்டு மெஷினின் எண்ணைப் போட்டு அனுப்பித் தொலைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "பேசாம எப்பவும் எண்ணையே போட்டுக்கலாமே?" என்றார். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பல் தேய்ந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், கம்ப்யூட்டர் தனக்கு வழி சொல்பவர்களாக யாரையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது என்று திறந்து பார்த்தாள். இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று அவள் பெட்டி. மற்றது யார் என்றே தெரியவில்லை. ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால், அவள் காலியாக விட்டிருந்த இரண்டாவது கட்டத்தில் அந்த எண் உட்கார்ந்திருந்தது.

சாப்பிடும்போது பொதுவாகக் கேட்டாள், ரவுட்டரில் யார் கை வைத்தது என்று. மாமனார் தட்டைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. "அன்னைக்கு அப்பா கத்தினாரே. உன் பெட்டி படுத்துட்டா வெளியில இருக்கிற ஒருத்தனைக் கேட்கட்டும்னு ஊருக்கெல்லாம் பொதுவா இருக்கிற ஒரு எண்ணைப் போட்டேன்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் ஒன்றுக்கு இரண்டாக வைப்பது அவருடைய தொழில் புத்தி. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"முதல் ஆள் படுத்தாத்தான் ரெண்டாவது ஆளைக் கேட்கும்னு யார் சொன்னா? கம்ப்யூட்டர் தோணுறப்போ இவனை, தோணுறப்போ அவனைக் கேட்குது. ஊருக்குப் பொதுவான ஆளுக்கு நம்ம வீட்டு மில்லைத் தெரியுமா? 'அப்படி யாரும் இல்லை'ன்னு அடிச்சுச் சொல்றான். இதுவும் நம்பிடுது."

"அவசரத்துக்கு இருக்கட்டும்னுதானே..."

"உங்க லிஃப்ட்டுல ரெண்டாவது கயிறு அதே லிஃப்ட்டைத்தானே பிடிச்சிருக்கும்? நீங்க பக்கத்து பில்டிங் கயிறை இழுத்துட்டு வந்து கட்டியிருக்கீங்க."

அவர் மெதுவாக, "சரி. அப்போ உன் பெட்டி மாதிரியே, இதே பேரெல்லாம் தெரிஞ்ச இன்னொண்ணு வச்சா?" என்றார்.

அது சரியான யோசனை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு படுத்திவிட்டுக் கடைசியில் நியாயமாகவும் பேசினால் மனுஷியால் எப்படி முழுசாகக் கோபப்பட முடியும்? திரை உடைந்து பரணில் கிடந்த பழைய லேப்டாப்பை அவரையே இறக்கச் சொன்னாள். அதே பெயர்களை அதிலும் ஏற்றி, இரண்டாவது கட்டத்தில் அதன் எண்ணைப் போட்டாள். ஒன்றை அணைத்தால் மற்றது பதில் சொன்னது. மாற்றி அணைத்தும் பார்த்துக்கொண்டாள். பிறகு ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினாள். புதியது என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டும்போது சொல்வதாகச் சொன்னாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு வேளை தனியாகச் சாப்பிட்டார்.

விஷயம் எப்படியோ நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. போன் செய்து, "அண்ணி, எங்க வீட்டுலயும் பிரிண்டர் அடிக்கடி காணாமப் போகுது. வந்து அதுக்கும் ஒரு பேர் வச்சுக் குடுங்களேன். அண்ணனும் கூட வந்தா உதவியா இருக்கும்," என்றாள்.

"நான் வரேன்," என்றாள் பல்லக்கா. "உங்க அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும்."