‘வேண்டாம் சார்’ என்று சொல்ல ஒரு ஆள்

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவனுக்குத் தீ எப்போதாவதுதான் வரும். பாம்பும் ஆடும் கதண்டுக் குளவியும் தினமும் வரும். இவை எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது அங்கே அதிகாரியாக இருப்பது. எங்கேயாவது நாலு பேருக்கு மேலே உட்கார வைக்கப்பட்டு முழித்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இருபது வருஷம் வண்டியின் பின்சீட்டில் குலுங்கிவிட்டுத் தென்காசிப் பக்கம் ஒரு நிலையத்துக்கு அலுவலராக வந்தேன். முன்சீட்டு கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே ஒரு பயமும் இருந்தது. பல வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் என் அதிகாரி அவசரப்பட்டு ஒரு கிணற்றில் இறங்கினார். ‘வேண்டாம் சார்’ என்று எனக்குத் தோன்றியது. தொண்டை வரை வந்தது, அதிகாரியாயிற்றே என்று விழுங்கிவிட்டேன். உள்ளே விழுந்து அடிபட்ட ஆள் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு அவரால் வண்டி ஏற முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அதனால் முதல் நாள் ரோல்காலிலேயே சொல்லிவிட்டேன்: "இங்கன யார் வேணும்னாலும் என்னைப் பாத்து வேண்டாம்னு சொல்லலாம். சொன்ன உடனே நிறுத்திருவேன். ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கிடுதேன்." ஏழு பேரும் ஒரே குரலில் "எஸ் சார்" என்றார்கள். ஒருத்தர் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

ஹோஸ் கழுவியவர்

பதவி உயர்வுக்கு முன்னால் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். தலைவன் என்பவன் தன் ஆட்களுக்குத் தொண்டு செய்கிறவன் என்று அதில் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒரு வைக்கோல் லாரியை அணைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேறு பிடித்த ஹோஸ் குழாய்களைக் கழுவ உட்கார்ந்தேன். ஆட்கள் பதறிப்போனார்கள். சாருக்கு மேலிடத்திலிருந்து ஏதோ தண்டனை என்று அடுப்படி வரை பேச்சு ஓடியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ராயகிரியிலிருந்து ஒரு கல்யாண மண்டபக்காரர் தீத் தடுப்புச் சான்றிதழ் விஷயமாக வந்தார். "ஆபீசர் எங்க?" என்று கேட்டார். "நான்தான், உள்ள உக்காருங்க, கையைக் கழுவிட்டு வாரேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். நான் கையைக் கழுவி, சட்டை மாற்றி உள்ளே போவதற்குள் ஆளைக் காணோம். எங்கள் டிரைவர் வேலாயுதம் அண்ணாச்சியிடம் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்:

"ஆபீசர் வந்த பொறவு வாரேன் அண்ணாச்சி. அங்கன ஹோஸ் கழுவுதாரே, பாவம், அவரைக் கொஞ்சம் டாக்டர்ட்ட காட்டுங்க. தன்னையே ஆபீசர்ங்காரு."

முதல் ‘வேண்டாம்’

இரண்டு வாரம் ஓடியது. ஒருத்தரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நானே வலியப் போய்த் தப்புத்தப்பாக உத்தரவு போட்டுப் பார்த்தேன். ஏணியைத் தலைகீழாக வைக்கச் சொன்னால் "எஸ் சார்" என்று தலைகீழாக வைத்தார்கள். அதிலும் இசக்கி இருக்கிறாரே, நாற்பது வயது, ஆள் கெட்டிக்காரர், எல்லாவற்றையும் கவனிப்பார், வாயை மட்டும் திறக்க மாட்டார். ஒருநாள் இவர்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவரோ என்னைப் பார்த்தாலே விறைப்பாக நின்றார்.

கடைசியில் ஒருநாள் கதண்டுக் கூட்டை அழித்துவிட்டுத் திரும்புகிறோம். யாரையும் கொட்டவில்லை. காற்று சிலுசிலுவென்று அடிக்கிறது. முன்சீட்டு ஆசாமி சும்மா இருப்பானா? வாய்விட்டுப் பாட ஆரம்பித்தேன். இரண்டாவது சரணத்தை எடுக்கும்போது வேலாயுதம் அண்ணாச்சி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தொண்டையைச் செருமினார். ஓய்வு பெறப் போகிறவர், அவருக்கு என்ன பயம்?

"சார், அந்த ரூல் எல்லாத்துக்கும்தானே? அப்பம் பாட்டு வேண்டாம் சார்."

சொன்ன சொல்லாயிற்றே, சரணத்தின் நடுவிலேயே நிறுத்தினேன். பின்சீட்டில் ஆறு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் வண்டியே ஆடியது.

எண்ணெய் மனிதர்

சாரல் சீசன். குற்றாலத்தில் திடீரென்று தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்ட, மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். நாங்கள் வண்டியோடு அங்கே நிற்கிறோம். மதுரைக்காரர் ஒருத்தர் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, தலையில் சீயக்காயும் அப்பிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தார். தனக்குப் பெரிய இடத்தில் ஆள் இருப்பதாகப் போனை எடுத்தார். போன் கையில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி ஓடியது. இசக்கி இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தார். பேசிய பெரிய இடம் என்னிடமும் பேசியது. "அஞ்சே நிமிஷம்" என்றது. நான் "நாளைக்கு நீங்களே வந்தாலும் இதேதான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எண்ணெயோடு எப்படிக் காரில் ஏறுவார்? தொண்டு உணர்ச்சி தலைக்கேறி, எங்கள் வண்டித் தண்ணீரையே லேசாகத் திறந்துவிட்டு அவரை ஓரமாக நிற்க வைத்துக் குளிப்பாட்ட ஆரம்பித்தேன். நிமிஷத்தில் அவருக்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு எண்ணெய் மனிதர்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். அப்போது இசக்கியின் உதடு அசைவதைப் பார்த்தேன். "என்ன இசக்கி?" என்றேன். "ஒண்ணுமில்ல சார்" என்றார். அவர் விழுங்கியதை வேலாயுதம் அண்ணாச்சி சொன்னார்: "வேண்டாம் சார். இப்பம் எங்கயாவது பத்திக்கிச்சுன்னா டேங்க்ல என்ன இருக்கும்?" நியாயம்தான். பட்டென்று மூடினேன். மதுரைக்காரர் கண்ணைத் திறக்க முடியாமல் கேட்டார்:

"சார், முதுகு முடிஞ்சிருச்சு சரி, தலையை யாரு சார் அணைக்கிறது?"

கடையத்துக் கிணறு

கடையம் பக்கம் ஒரு தோட்டத்தில், வருஷக்கணக்காக மூடிக் கிடந்த கிணற்றின் பலகை உடைந்து ஒரு வெள்ளாடு உள்ளே விழுந்துவிட்டது. பேச்சியம்மா என்ற அக்காவின் ஆடு, அதுவும் சினை ஆடு. அந்த அக்கா கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதாள். சுற்றிலும் இருபது பேர், இருபது கையிலும் செல்போன். டார்ச் அடித்தால் தண்ணீர் இல்லை. அடியில் ஒரு கல்படியில் ஆடு கிடந்தது. ஆபத்தான இடத்தில் அதிகாரிதான் முதலில் இறங்க வேண்டும் என்பது என் கொள்கை. செல்போன்களும் என்னைத்தான் பார்த்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒரு காலை உள்ளே போட்டேன்.

"வேண்டாம் சார்."

குரல் புதிதாக இருந்ததால் யார் என்று திரும்பிப் பார்த்தேன். இசக்கி. காலை வெளியே எடுத்தேன். "ஆடு கத்தவே இல்லையே சார்" என்றார். பேச்சியம்மாவிடம் ஒரு எண்ணெய் விளக்கை வாங்கி ஏற்றி, வாளிக்குள் வைத்துக் கயிற்றில் இறக்கினார். பாதியைத் தாண்டியதும் சுடர் சுருங்கி, கண்ணெதிரே அணைந்தது. உள்ளே நல்ல காற்று இல்லை. ஒவ்வொரு கிணற்றிலும் நான் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். செல்போன் வெளிச்சத்தில் மறந்துபோனேன். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு வருகிற சிரிப்பு அது.

மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இசக்கியே இறங்கினார். நான் மேலே கயிறு பிடித்தேன். ஆடு மயங்கித்தான் கிடந்தது. மேலே கொண்டுவந்து கிடத்திக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டதும் ஒரு தும்மல் போட்டது. அப்புறம் எழுந்து நின்று, பக்கத்தில் நான் கழற்றி வைத்திருந்த தொப்பியை மோந்து பார்த்து ஓரத்தைக் கடித்தது. பேச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் இசக்கியைக் காட்டிக் கேட்டாள்:

"ஒங்களையே வேண்டாம்னு சொல்லுதாரே, அவரு பெரிய ஆபீசரா? நல்ல மனுசன், அவர் சொல்லுதபடி கேட்டு நடந்துக்கிடுங்க."

திரும்பும் வழியில்

"இத்தனை நாளும் பேசாம இருந்துட்டு இன்னைக்கு எப்படி இசக்கி?" என்று வண்டியில் கேட்டேன். மடியில் இருந்த மூச்சுக் கருவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லா ஆபீசரும்தான் சார் சொல்லுதாங்க. நீங்க நெசமாவே நிறுத்துவீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அண்ணாச்சி சொன்னதும் சரணத்துக்கு நடுவுலயே பாட்டை நிறுத்துனீங்கள்லா, அன்னைக்கே நம்பிட்டேன். வாய்தான் வர லேட்டாயிட்டு."

ஆக, இருபது வருஷம் காத்திருந்து வாங்கிய முன்சீட்டில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: என் உயிரைக் காப்பாற்றியது நான் பாடாமல் விட்ட பாதிப் பாட்டு.