போலீஸ் கொழுக்கட்டை

முள்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, மைதா மாவின் ஓரத்தை இம்மி இம்மியாக அமுக்கிக்கொண்டே வருவான் சங்கிலிப்பாண்டி. அமுக்குகிறபோது நாக்கு நுனி வெளியே வந்து மீசையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். யார் வந்து வாசலில் நின்றாலும் தலையைத் தூக்க மாட்டான். "இருங்க அத்தான், ஓரம் காஞ்சிரும்" என்பான். முப்பத்தைந்து வருஷம் காக்கிச் சட்டை போட்ட ஆள். ஏட்டாக இருந்த காலத்தில் இவன் செருமினால் சந்தையில் பேச்சு நின்றுவிடும் என்பார்கள். அறுபத்திரண்டு வயசில் அவனுக்கு இருக்கிற ஒரே பயம், மாவு ஓரம் காய்ந்துவிடும் என்பது.

என் அம்மையும் அவன் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அந்த முறையில் எனக்கு மைத்துனன், வயசில் பதினைந்து இளையவன். கேலி பேச எனக்குப் பாத்தியதை உண்டு. எங்கள் தாத்தா, அவனுக்கு அப்பா வழி, எனக்கு அம்மை வழி, ஆயுசு முழுக்க அடுப்பங்கரைப் படியை மிதித்தவரில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வெளியே நின்று செம்பை நீட்டுவார். அவன் அப்பா, என் தாய்மாமன், உப்பு குறைந்தது என்று குழம்புச் சட்டியைத் தெருவில் வீசியவர். சட்டி போய் எதிர்வீட்டு மாட்டின் முதுகில் விழுந்து, அந்த மாடு மூன்று நாள் கறக்கவில்லை. இப்படிப்பட்ட வம்சத்தில் ஒருவன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பூரணம் பிடிக்க வந்திருக்கிறான். பழைய பாவத்துக்கெல்லாம் இவன் ஒருத்தனே கழிப்புச் செய்கிறானோ என்னவோ.

வேலை இவ்வளவுதான். மாவை மெல்லிசாகத் தேய்க்க வேண்டியது. டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்ட வேண்டியது. நடுவில் நெல்லிக்காய் அளவு பூரணம் வைத்து, இன்னொரு வட்டத்தால் மூடி, ஓரத்தை அமுக்கி, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்து, மேலே ஒரு குழம்பை ஊற்ற வேண்டியது. ரவியோலி என்று பெயர் சொல்லுவான். குழம்பை சாஸ் என்பான். குத்துக்கல்வலசையில் அவன் வீடு கட்டியிருக்கிற தெருவில் அதற்குப் போலீஸ் கொழுக்கட்டை என்று பெயர்.

அதைச் சொன்னால் மட்டும் அவனுக்கு மூக்கு சிவக்கும். "கொழுக்கட்டைன்னு சொல்லாதீங்க அத்தான். அது அரிசி மாவு, ஆவியில வேகுது. இது மைதா, தண்ணியில வேகுது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறவன் மாதிரி கையை ஆட்டாமல் சொல்லுவான்.

"இத்தாலிக்காரன் சாப்பாடு" என்பான். இத்தாலிக்காரன் ஒருத்தனையாவது பார்த்திருக்கிறானா என்றால், குற்றாலத்தில் ஒரு சீசனில் பந்தோபஸ்து பார்த்தபோது ஒரு வெள்ளைக்காரன் செருப்பைக் காணோம் என்று இவனிடம் வந்து நின்றானாம். அவன் எந்த ஊர்க்காரன் என்று இவன் கேட்கவில்லை. செருப்பும் கிடைக்கவில்லை. சீமையோடு இவனுக்குள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

வித்தை வந்த வழி வேறு. ஓய்வு பெற்றதும் ஐந்தருவி போகிற சாலையில் ஒரு ரிசார்ட்டில் காவலுக்குத் தலைமையாகச் சேர்ந்தான். கேட்டில் உட்கார வேண்டியவன், சாரல் அடிக்கிறது என்று சொல்லி அடுப்படிக்குள் போய் ஒதுங்கினான். அங்கே ஆசிப் என்று செங்கோட்டைப் பையன் சமையல் பார்த்தான். ஒரு வருஷம் இவன் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றே பழகினான். "ஏட்டையா, மதி, போதும். இனி மாவைத் தொட்டீங்கன்னா அது செருப்புத் தோலா ஆயிரும்" என்று அந்தப் பையன் சொன்னதைப் பதக்கம் வாங்கியதுபோல இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லுவான். தச்சனிடம் சொல்லித் தேக்கில் ஒரு முழ நீளத்துக்கு மாவு தேய்க்கிற உருளை கடைந்து வாங்கினான். லத்தியை ஒப்படைத்துவிட்டு வந்த கைக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்திருக்கிறது.

பூரணத்தில் வஞ்சகம் இல்லை. முருங்கைக்கீரையும் பனீரும் வைப்பான், அவித்து மசித்த பலாக்கொட்டை வைப்பான், கொத்துக்கறி வைப்பான். சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் நேராகத் தணலில் சுட்டு அரைத்து ஒரு சாஸ். வெண்ணெயில் கறிவேப்பிலையைப் பொரித்து ஒன்று. பாலில் மைதாவைக் கரைத்து, சீஸ் துருவிப் போட்டு, குற்றாலத்துக் கடையில் வாங்கின ஜாதிக்காயை உரசிவிட்டு ஒரு வெள்ளைச் சாஸ். இந்த வெள்ளைதான் அவனுக்குக் கண். போன தையில் ஒரு கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். "சோறு, சாம்பார், கூட்டு, எல்லாம் ஒரே டெக்ஸ்ச்சர் அத்தான்" என்றான். பெண்ணின் அப்பன் இன்னும் அதற்கு அர்த்தம் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

அவன் வீட்டில் சாப்பிடுவது என்பது ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போவது மாதிரி. தட்டில் ஆறு வைப்பான். அதிகம் கேட்டாலும் ஆறு, போதும் என்றாலும் ஆறு. தோளில் துண்டோடு பக்கத்தில் நின்றுகொள்வான். வாயில் ஒன்று போனதும் விசாரணை தொடங்கும்.

"உள்ள என்ன தெரியுது?"

"கீரை."

"என்ன கீரை?"

"முருங்கை."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியலயேப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் பெண்டாட்டி அனுசியா இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னிடம், "அண்ணாச்சி, அவுக சமைச்சா ஒம்பது பாத்திரம். வெளக்குத வேலை மட்டும் எனக்கு. எல்லாம் உண்டு, வயித்துக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றாள். அவன் பகல் தூக்கம் போட்டதும் பின்வாசலில் உட்கார்ந்து பழைய சோற்றையும் புளிக்கறியையும் பிசைந்து சாப்பிடுவாள். நானும் இரண்டொரு தடவை அதில் பங்கு வாங்கியிருக்கிறேன்.

இதெல்லாம் அவன் வீட்டுக்குள் நடக்கிறவரைக்கும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். போன ஆவணியில் கடையத்தில் மணிமுத்து செத்துப்போனார். சங்கிலிப்பாண்டியின் அக்காள் பேராச்சியின் புருஷன். பேராச்சிக்குப் பிள்ளை கிடையாது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பம், இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேர் என்று இருந்தார்கள். இனி இந்தப் பக்கம் அவள் ஒருத்தி.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த துட்டி வீட்டில் அடுப்பு எரியாது. எரித்த மறுநாள் காலையில் காடாத்து. சாம்பலுக்குப் பால் தெளித்து, அள்ளிக் கரைத்துவிட்டு வந்து எல்லோரும் கை நனைக்கிற மதியச் சோறு, செத்தவரின் பெண்டாட்டி பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். பச்சரிசிச் சோறு, பாசிப்பருப்பு, அகத்திக்கீரை. தாளிப்புக் கூடாது. பெரிய விருந்தில்லை. ஆனால் அது வந்து இறங்கினால்தான் இவளைக் கேட்பதற்கு ஆள் உண்டு என்று பேர். இறங்காவிட்டால், பிள்ளையும் இல்லாதவளை இனி எந்த மூலையில் இருக்கச் சொல்வது என்பதைக் கொழுந்தன் பெண்டாட்டி முடிவு செய்வாள்.

கொழுந்தன் பெண்டாட்டி உலகம்மை. நல்லவள்தான், ஆனால் எதையும் முந்திக்கொண்டு செய்துவிடுவாள். செய்ததை மறக்கவும் விடமாட்டாள். எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். "அக்கா, அனுசியா மைனியும் மக பேறுகாலத்துக்கு மதுரைக்குப் போயாச்சு. ஒங்க தம்பி ஒத்தையில என்ன செய்வாவ. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுல நாப்பது சாப்பாட்டுக்குச் சொல்லிருதேன்."

அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்த பேராச்சி அதற்கு மட்டும் எழுந்து உட்கார்ந்தாள். "ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டுச் சோறு வரும். அவன் கொண்டாருவான்."

சங்கிலிப்பாண்டியும் தலையாட்டினான். "நாளைக்குச் சோறு என் பொறுப்பு" என்று சபையில் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அக்காளுக்குப் பொங்கல் படி கொடுப்பதில் ஒரு வருஷம் தவறினவனில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். தென்காசியில் யாராவது சமையல்காரரிடம் சொல்லிவிடுவான் என்று நானும் நம்பினேன்.

மறுநாள் காடாத்து முடிந்து, குளித்து, பந்தலில் வந்து உட்கார்ந்தோம். பன்னிரண்டரை ஆயிற்று. ஒன்று ஆயிற்று. பிள்ளைகள் சிணுங்கின. உலகம்மை செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பேராச்சி இருக்கிற அறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒன்றரைக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் சங்கிலிப்பாண்டி இறங்கினான். பெரிய எவர்சில்வர் போணிகள் மூன்று இறங்கின. மூடியைத் திறந்தான். பாலும் ஜாதிக்காயுமாக ஒரு வாடை பந்தல் முழுக்கப் பரவியது. எட்டிப் பார்த்தேன். வெள்ளைக்குள் வெள்ளையாகக் கிடந்தன.

"சோறு எங்கலே?" என்றேன்.

"இதான் அத்தான்."

"இது ஒன் கொழுக்கட்டைலா. நாப்பது பேருக்குச் சோறு எங்கன்னு கேக்கேன்."

"எல்லாம் உள்ளேயே இருக்கு. அகத்திக்கீரை, பாசிப்பருப்பு. துட்டி வீட்டுக்கு உள்ளது எதுவோ அதான். மாவுல முட்டை சேக்கல. வெங்காயம் கெடையாது. தாளிக்கவே இல்ல. இருநூத்தி அறுபது உருப்படி. விடியுமுன்ன உக்காந்தவன், முதுகு நிமிரல."

சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சாவுக்குரிய கீரை, சாவுக்குரிய பருப்பு, விலக்கவேண்டியதை எல்லாம் விலக்கியிருக்கிறான். அக்காள் பெயருக்குச் சோறு வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டான். முப்பத்தைந்து வருஷம் சட்டத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தவனுக்கு வருகிற புத்தி இதுதான்.

பந்தலில் பேச்சுக் கிளம்பிவிட்டது. "பால் தெளிப்பு காலையிலயே முடிஞ்சிட்டே, இது ஆருக்கு?" என்றார் ஒருவர். "பல்லு இல்லாதவனுக்குத் தோதுதான்" என்றார் இன்னொருவர். உலகம்மை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அக்கா, ஒங்க தம்பி பாலுக்குள்ள என்னமோ மெதக்கவிட்டுக் கொண்டாந்திருக்காவ. ஒங்க ஊர்ல இந்த வருசம் நெல்லு விளையலயோ?"

இவன் காதில் அது விழவே இல்லை. "ஆறிட்டுன்னா சாஸ் கட்டி பிடிச்சிரும். சட்டுன்னு பரிமாறுங்க" என்று கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தான்.

பேராச்சி வெளியே வந்தாள். தலை முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து போணிக்குள் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள்.

"ஏலே சங்கிலி, சோறு பொங்கலயா?"

"இது போதும்க்கா. ஆளுக்கு ஆறு வரும்."

அவள் ஒரு போணியை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மற்ற இரண்டை நான் தூக்கிப் போனேன். சல்லடை மாதிரி ஓர் அரிப்பை எடுத்து வைத்து, போணியைச் சரித்து, குழாயைத் திறந்தாள். வெள்ளைச் சாஸ் தண்ணீரோடு கரைந்து வாழைமரத்து மூட்டுக்கு ஓடியது. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தடவிக் கழுவி, தாம்பாளத்தில் அடுக்கினாள்.

சங்கிலிப்பாண்டி ஓடி வந்தான். "எக்கா, எக்கா, என்ன செய்யுத? சாஸ் இல்லன்னா அது ஒண்ணுமே இல்ல."

"பால்ல மெதந்தா சபையில ஆருலே கை வைப்பா? தள்ளு."

உலகம்மை பின்னாலேயே வந்தாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவலக்கா. மெஸ்ஸுக்குப் போன் அடிக்கட்டா?"

"ஏட்டி, எல போடு" என்றாள் பேராச்சி.

இலை போட்டார்கள். பேராச்சி எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, முதல் இலையில் ஆறை வைத்து, ஒரு கல் உப்பும் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டாள். முந்தாநாளிலிருந்து பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் இறங்காத தொண்டை. ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள். விழுங்கினாள். இரண்டாவதையும் எடுத்தாள். பிறகு பந்தலைப் பார்த்து, கட்டின குரலிலேயே சொன்னாள். "அகத்திக்கீரைதான். பருப்பும் இருக்கு. எங்க வீட்டுச் சோறு வந்துட்டு. எல்லாரும் கை நனைங்க."

புருஷனைப் பறிகொடுத்தவளே வாயில் வைத்த பிறகு எவன் எழுந்து போவான். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். கொழுந்தன் உட்கார்ந்தான். உலகம்மையும் செல்போனை இடுப்பில் செருகிவிட்டு ஓர் இலைமுன் உட்கார்ந்து, ஊறுகாயை இங்கே தள்ளச் சொன்னாள். நான் ஏழு தின்றேன். பசிக்கு எதுவும் இறங்கும். பருப்பு பதமாகத்தான் வெந்திருந்தது, அதை அவனிடம் சொல்லவில்லை.

சொல்ல அவன் பந்தியில் இல்லை. யார் சாப்பிட்டார்கள், யார் மிச்சம் வைத்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, காலிப் போணியின் அடியில் ஒட்டிக்கிடந்த வெள்ளைச் சாஸை ஆள்காட்டி விரலால் வழித்து நாக்கில் வைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, இரண்டு விரல் மிளகுத்தூளைப் போணிக்குள் தூவி, கலக்கி, மறுபடியும் விரலை விட்டான்.