ஓட்டல் முடிவானதும் லீவு

சித்ரகலா கடலைப் பார்த்ததில்லை. ஆனால் கடல் நீலத்தில் எத்தனை வகை உண்டென்று ஷேட் கார்டு என்கிற நிற அட்டையின் எண்ணோடு ஒப்பிப்பாள். திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் பதினொரு வருடமாக மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, திட்டு வாங்குவது, வாங்கிய திட்டுக்கு நன்றி சொல்லிப் பதில் போடுவது, இதுதான் அந்தப் பெரிய பெயருக்குள் இருக்கிற வேலை. அவள் அனுப்பிய டீ-சர்ட்டுகள் பார்க்காத கடற்கரை உலகத்தில் பாக்கியில்லை. அவள் பார்த்த பெரிய தண்ணீர் அமராவதி அணை.

மகள் கவிப்பிரியா ஐந்தாம் வகுப்பு. 'கடற்கரையில் ஒரு மாலை' என்று கைடைப் பார்த்துக் கட்டுரை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள். அலை நுரைத்ததாம், காற்று தாலாட்டியதாம். மூன்று வருடமாகத் திருச்செந்தூர் போவதாகப் பேச்சு. மூன்று வருடமும் கிளம்புகிற வாரத்தில் ஏதோ ஒரு ஷிப்மென்ட் குறுக்கே படுத்துக்கொண்டது. இந்த முறை காலாண்டு விடுமுறைக்கு ஜூலையிலேயே மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். சனி, ஞாயிறு, திங்கள். ஞாயிறு எப்படியும் லீவுதானே என்று கேட்கிறவர்கள் திருப்பூரில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அப்போதுதான் முதலாளி பூபாலன் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் பக்கத்து இலைக்காரர், அவரும் எக்ஸ்போர்ட் முதலாளி, மாலத்தீவு போட்டோக்களைக் காட்டி இவருக்குப் பாயசத்தையே கசக்கவைத்துவிட்டார். மறுநாள் காலையில் சித்ரகலாவுக்கு அழைப்பு வந்தது.

"அம்மிணி, டிசம்பர்ல நானும் ஊட்டுலயும் கரீபியன் தீவுக்குப் போறோமுங்க. செயின்ட் லூசியாவாம். நம்மூர்ல ஒருத்தனும் போனதில்ல. நீங்கதான் இங்கிலீசு நல்லா எழுதுவீங்க, ஒரு நல்ல ஓட்டலாப் பாருங்க. ரெண்டு நாள் வேலை."

"சார், என்னோட லீவு..."

"ஓட்டலு முடிவாகட்டுமுங்க. அடுத்த நிமிசம் கெளம்பலாம்."

அந்த ரெண்டு நாள் ஏழு வாரம் ஓடியது.

மனுஷர் இருபத்தைந்து வருடமாக விற்கிறவராகவே வாழ்ந்தவர். காலர் கால் இஞ்ச் கோணியதற்கெல்லாம் கைகட்டி நின்றவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பையர் ஆகியிருக்கிறார். விடுவாரா? "நம்மள எப்படி நொங்கெடுத்தாங்க! இப்ப நாம கேப்போமுங்க" என்றார். கம்பெனியில் ஒரு ஆர்டருக்கு என்னென்ன சடங்கு உண்டோ அத்தனையும் ஓட்டலுக்கு நடந்தது. பதினொரு ஓட்டலுக்கு மெயில் போனது. எட்டு ஓட்டல் முதல் மெயிலிலேயே ஓடி ஒளிந்துகொண்டது. இரண்டு, சாம்பிள் கேட்டதும் போனது.

ஆமாம், சாம்பிள். படுக்கை விரிப்பையும் குளியல் துண்டையும் தொட்டுப் பார்க்காமல் ஓட்டல் பிடிக்க அவர் என்ன ஏமாளியா? கடைசியாக மிஞ்சிய ஒரு சின்ன ஓட்டல் மட்டும் உண்மையிலேயே ஒரு துண்டைக் கூரியரில் அனுப்பியது. அங்கே புக்கிங் பார்க்கும் மார்லின் என்கிற பெண்மணிக்கு அத்தனை பொறுமை. பூபாலன் அந்தத் துண்டின் நட்டநடுவில் வட்டமாக ஒரு துணுக்கை வெட்டி எடுத்துத் தராசில் வைத்தார். சதுர மீட்டருக்கு அறுநூறு கிராம் என்று மார்லின் எழுதியிருந்தாள். ஐநூற்று எண்பது காட்டியது. "பாத்தீங்களா!" என்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கரீபியனே கொடுத்திருக்காது. ஐந்து முறை துவைத்துச் சுருக்கம் பார்த்தார்கள். சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியால் தேய்த்தார்கள். துண்டே வெள்ளை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மார்லின் ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் போட்டாள். 'தங்கள் கருத்துக்கு நன்றி, சரிபார்த்துத் தெரிவிக்கிறேன்.' அதைப் படிக்கிறபோதெல்லாம் சித்ரகலாவுக்குக் காது சூடாகும். அவளே வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கும் வரி அது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிற வரி என்பது அவளுக்குத் தெரியாதா?

அடுத்தது ஆடிட். வெளிநாட்டு பையர்கள் கம்பெனிக்கு அனுப்பும் கேள்வித்தாளையே பெயர் மாற்றி அனுப்பச் சொன்னார். குடிநீர் உண்டா, தீயணைப்பான் உண்டா, தொழிலாளர்களுக்கு லீவு உண்டா. மார்லின் நாற்பத்திரண்டு கேள்விக்கும் பதில் எழுதியிருந்தாள். வாரம் இரண்டு நாள் ஓய்வு, வருடத்துக்கு மூன்று வாரம் சம்பளத்தோடு விடுமுறை.

பூபாலன் அதை இரண்டு தடவை படித்தார். "பரவால்லீங்க. ஆளுகள நல்லா வெச்சிருக்காங்க. நல்ல கம்பெனி."

"சார், என் லீவுங்க. வர்ற சனிக்கிழமை."

"ஓட்டலுதான் இன்னும் முடியலீங்களே" என்றார், துளிக்கூடக் கூச்சமில்லாமல்.

முடிய ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. முதலாளியம்மா ஜானகியம்மாள் வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டார். கட்டிலின் தலைமாடு எந்தத் திசை என்று வியாழக்கிழமை சித்ரகலா மெயில் போட்டாள். அனுப்பிய நொடியே பதில் வந்தது. என்ன வேகம் என்று வியந்து திறந்தாள்.

'நான் விடுமுறையில் இருக்கிறேன். எங்கள் தீவில் ரயில் கிடையாது. என் மகன் ரயிலைப் பார்த்ததே இல்லை, காட்டக் கூட்டிப்போகிறேன். ஆறாம் தேதி திரும்பி வந்து நானே பதில் எழுதுவேன். அதுவரை மெயில் பார்க்க மாட்டேன். மார்லின்.'

சித்ரகலா அதை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினாள். முதலாளி எகிறுவார், வேறு ஓட்டல் தேடச் சொல்வார் என்றுதான் நினைத்தாள்.

"பையர் கேட்டுட்டு இருக்கறப்ப லீவுல போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க சார்."

அவர் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "பையனுக்கு ரயில் காட்டவா... பாவமுங்க. வரட்டும். ஆறாந்தேதிதானே, என்ன கொள்ளை போகுது? காத்திருப்போம்."

சித்ரகலா கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள். இந்த மனிதருக்குக் காத்திருக்கத் தெரியும். பையர்களுக்காக அவர் காத்திருப்பதைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறாள். முகம் தெரியாத ஒருத்தியின் பையனுக்காக இரங்கவும் தெரியும். எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்பதுதான் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

ஆள் இல்லாதபோது தானாகப் பதில் போடும் அந்த வசதி அவள் கம்ப்யூட்டரிலும் இருந்தது. அந்தக் கட்டடத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை மாலை மார்லினின் மெயிலைப் பார்த்து வரிக்கு வரி அப்படியே எழுதினாள். மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினாள். பாக்கி வேலைகளை உதவியாளர் தமிழ்மதியிடம் ஒப்படைத்தாள். ஜூலையில் கொடுத்த லீவு லெட்டரின் நகலை முதலாளி மேசைமேல் வைத்தாள். வேலை போய்விடுமோ என்று ஒரு தடவை யோசித்தாள். போனால் போகட்டும் என்று கவிப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை காலை திருச்செந்தூரில் கவிப்பிரியா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினாள். "அம்மா, இது தாலாட்டவே இல்லீங்மா! தள்ளி உடுது!"

சித்ரகலாவின் கையில் போன் துடித்தது. முதலாளியின் மெயில். 'அர்ஜென்ட். ஆறாம் தேதி என்று தெரியும், வீட்டில் நச்சரிக்கிறார்கள். தலைமாடு எந்தப் பக்கமென்று அந்தம்மா சொல்லிவிட்டார்களா? உடனே பதில் போடவும்.'

விரல் பழக்கத்தில் எழுதப் போனது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, பதில் ஏற்கெனவே போய்விட்டது. இந்நேரம் வீரபாண்டியில் பூபாலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருப்பார்:

'நான் விடுமுறையில் இருக்கிறேன். எங்கள் ஊரில் கடல் கிடையாது. என் மகள் கடலைப் பார்த்ததே இல்லை, காட்டக் கூட்டிப்போகிறேன். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து நானே பதில் எழுதுவேன். அதுவரை மெயில் பார்க்க மாட்டேன். சித்ரகலா.'

போனை அணைத்துக் கைப்பையில் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.