கிட்டார் நகமும் மஞ்சக்குட்டை ரசமும்

ஜெர்மனியில் நான் வசிக்கும் சிறிய ஊரில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. அங்கே நிற்கும் அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏழு வருடமாக அதே ரொட்டி, அதே "மோர்கன்" என்ற காலை வணக்கம், அவ்வளவுதான் உறவு. போன சித்திரையில் ஒருநாள் பையை வாங்க நான் கையை நீட்டியபோது, அந்த அம்மாள் என் விரல்களை உற்றுப் பார்த்துவிட்டு, "கிடாரே?" என்றாள். "யா" என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. வெளியே வந்து என் கையை நானே பார்த்துக்கொண்டேன். வலது கையில் சுண்டுவிரல் தவிர மற்ற நான்கிலும் நீட்டி வளர்த்து, வழவழவென்று அரத்தால் தேய்த்த நகங்கள். இடது கையில் சதையோடு ஒட்ட வெட்டியவை. வலது கை தந்தியை மீட்ட வேண்டும், இடது கை அழுத்த வேண்டும், அதனால் இந்த ஏற்பாடு. ரொட்டிக் கடை அம்மாளுக்கே பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. எங்கள் ஏற்காட்டு மலையில் இதை விளங்கவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கிட்டார் மேல் எனக்கு எந்தக் காதலும் இருந்ததில்லை. எல்லாம் வாயால் வந்த வினை. இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்துக்கு முன்னால் ஹாபி என்ன என்று கேட்கிறார்கள். நாகலூரில் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவனிடம் ஹாபி கேட்டால் என்ன சொல்வான்? "தூக்கம்" என்றேன். நகைச்சுவை என்று நினைத்து மேசையே சிரித்தது. விடாமல் மறுபடி கேட்டார்கள். எதிரே சுவரில் ஏதோ விளம்பரத்தில் ஒருவன் கிட்டாரோடு நின்றுகொண்டிருந்தான். "கிட்டார்" என்று சொல்லி வைத்தேன். அதோடு போயிற்று என்று நினைத்தேன். ஜெர்மானியர்கள் எதையும் மறப்பதில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். சளி என்று சொல்லித் தப்பினேன். கிட்டார் வாசிக்கச் சளி எப்படித் தடை என்று ஒருவன் நேர்மையாகச் சந்தேகம் கேட்டான். ஜனவரியில் ஊர் இசைப் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

எனக்கு வயது நாற்பத்துமூன்று. என் வகுப்பில் மற்றவர்களுக்கு ஏழு, எட்டு. நாற்காலி கூட அவர்கள் அளவுக்குத்தான். ஃப்ராவ் லிண்ட்னர் என்ற ஆசிரியை தினமும் பத்து நிமிடம் பயிற்சி செய்யச் சொன்னார். பரீட்சைக்கு முந்தின நாள் படித்தே பட்டம் வாங்கியவன் நான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரேயடியாக வாசித்து, திங்கட்கிழமை விரல் நுனி புண்ணாகி, கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துத் தட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்தக் குளிர்காலத்தில், முதல் தடவையாக நான்கு சுரம் பிசிறில்லாமல் வந்தபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யாகச் சொன்னது மெய்யாகவே பிடித்துப்போயிற்று. ஒரு வருடம் கழித்து ஆசிரியை நகம் வளர்க்கச் சொன்னார். சதையால் மீட்டினால் சத்தம் மந்தமாக வரும், நகம் பட்டால்தான் தெளிவு என்றார். வளர்த்தேன். மூன்று விதமான அரம் வாங்கினேன். மனைவி தன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நகத்துக்குச் செலவழித்ததில்லை. நவம்பரில் மாணவர்கள் மேடையேறும் ஃபோர்ஷ்பீல் நாள் குறித்தார்கள். அலுவலகத்தில் ஆறு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து தம்பி முருகேசனின் போன். மேடைக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. அவனுக்கு முப்பத்தாறு வயது. நாகலூருக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறான். ஏழெட்டு இடம் பார்த்து எல்லாம் தட்டிப்போயிற்று. இப்போது மஞ்சக்குட்டையில் கௌரி என்ற பெண். ஜாதகம் பொருந்தி, பேச்செல்லாம் முடிந்து, கை நனைப்பது ஒன்றுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் சோறு தின்ன மாட்டோம். தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சை மாற்றக் கூடாது. அப்பா இல்லாததால் அந்த முதல் இலையில் உட்கார வேண்டியவன் நான். ஒரு வாரம் லீவு போட்டுக் கிளம்பினேன். கிளம்பிய இடத்திலேயே விமான நிலையத் தள்ளுவண்டியில் சிக்கி மோதிரவிரல் நகம் பாதி போய்விட்டது. டேபிள் டென்னிஸ் பந்தை நகம் போலக் கத்தரித்து சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். கிட்டார்காரர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான்.

முருகேசன் ஜீப்பைக் கொண்டுவந்து, குப்பனூர் ரோடு வழியாக மேலே கூட்டிப்போனான். ஐப்பசிப் பனி கண்ணாடியில் படிந்துகொண்டே இருந்தது. பாதி மலை ஏறிய பிறகு, "அண்ணா, எனக்கு இந்தப் புள்ளையத்தான் புடிச்சிருக்கு. இதுவும் போச்சுன்னா இனிமே எவ ஊட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு கியரை மாற்றினான்.

வீட்டில் அம்மா என்னைப் பார்த்த சந்தோஷத்தில் கையைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே விட்டாள். "ஏஞ்சாமி, இதென்ன கோலம்? பொம்பளயாட்டம்?" கிட்டார் என்றேன். "அதுக்கு நகம் எதுக்கு? கை இருக்குதுல்ல?" அடுத்த நாள் டீக்கடையில் கிளாசை எடுக்கும்போது கடைக்காரர் மெதுவாகக் கிட்டே வந்து, "ஏனுங்க, வேண்டுதலுங்களா?" என்றார். பக்கத்திலிருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மலையாளத்துப் பக்கம் போய் ஏதாச்சும் மந்திரம் கிந்திரம் கத்துக்கிட்டீங்களா?" என்றார். அம்மாவின் காதுக்கு இது போகாமல் இருக்குமா? புதன்கிழமை மஞ்சக்குட்டைக்குக் கிளம்பும்போது, "நகத்த வெட்டித் தொலையேன்" என்றாள். மேடை இருக்கிறது, முடியாது என்றேன். "அப்ப பொண்ணூட்டுக்காரங்க கண்ணுல கையக் காட்டிறாத. பில்லி சூனியக்காரன் குடும்பம்னு சொல்லிப்போடுவாங்க" என்று நீண்ட கை ஸ்வெட்டரை எடுத்து மாட்டிவிட்டாள். அவள் சொன்னது எனக்கும் சரி என்றுதான் பட்டது. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

பெண் வீட்டில் கூடம் நிறைய வாழை இலை. முதல் இலை எனக்கு. எதிரே கௌரியின் பெரியப்பா, வெள்ளை மீசையும் பச்சைத் துண்டுமாக. சோறு விழுந்தது. எல்லோரும் என் கைக்காகக் காத்திருந்தார்கள். ஸ்வெட்டருக்குள் விரலை மடக்கிக்கொண்டு, "ஒரு ஸ்பூன் கிடைக்குங்களா?" என்றேன். அடுப்படியில் தேடி, குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற சின்ன ஸ்பூன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "கையில ஏதாச்சும் காயமுங்களா?" என்று கேட்டார் பெரியப்பா. ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "இல்லீங்க, அங்க போய் இதே பழக்கமாயிருச்சு" என்றேன். மருந்து ஸ்பூனால் வாழை இலையில் சாம்பார் சாதம் சாப்பிட்டுப் பாருங்கள். இலை கிழிந்தது, சாம்பார் வேட்டிக்கு வந்தது, வயிற்றுக்கு எதுவும் வரவில்லை. நாலு வாயோடு போதும் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னான். "மாப்ள அண்ணனுக்கு இஷ்டமில்லீங்களாம். கையே நனைக்காம போயிட்டாராம். எங்க ஊட்டுச் சோத்துல கைய வெக்கக் கூசறவங்களுக்கு எப்படிங்க பொண்ணுக் குடுக்கறதுன்னு பெரியவரு கேக்கறாரு." முருகேசன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

மேடையாவது மண்ணாவது என்று நகவெட்டியை எடுத்தேன். எட்டு மாதம் வளர்த்த நகம், போகட்டும். முதல் விரலில் வைக்கிறேன், அம்மா ஓடிவந்து பிடுங்கினாள். "வெளக்கு வெச்ச பொறகு நகம் வெட்டறதா? ஊடு வெளங்குமா?" சரி, காலையில் வெட்டுகிறேன் என்றேன். "நாளைக்கு வெள்ளிக்கிழம!" ஐந்து நாளாக வெட்டு வெட்டு என்று உயிரை எடுத்தவள் இவள்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். அம்மாவை முறைத்துப் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை அழைப்பில்லாமலே போய் நின்றேன். முருகேசன் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. பெரியப்பா வாசலில் நின்று, "வாங்க" என்றார், உட்காருங்க என்று சொல்லவில்லை. "பசிக்குதுங்க. சோறு போடுங்க" என்றேன். பசி என்று வந்தவனை விரட்ட அந்த ஊரில் ஆள் கிடையாது. இலை போட்டார்கள். ஸ்வெட்டர் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டு, ஐந்து விரலையும் சோற்றில் இறக்கினேன். நகத்தைப் பார்த்த பெரியப்பாவின் முகம் போன போக்கைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி பிசைந்தேன். நகக்கண்ணெல்லாம் பருப்பு. கௌரியின் அம்மா கொதிக்கக் கொதிக்க ரசத்தை ஊற்றினார். பிசைந்துகொண்டிருந்த என் கையிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று கழன்று சோற்றின் மேல் வந்து நின்றது.

பெரியப்பா அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதென்னுங்க, பல்லா?"

கௌரியின் அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "அய்யோ சாமி, நான் அரிசிய மூணு தடவ பாத்துத்தானுங்க அரிச்சேன்" என்று கண் கலங்கிவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? "உங்க அரிசியில ஒண்ணுமில்லீங்கம்மா. அது என் நகமுங்க" என்றேன்.

"நகமா?"

"பந்துங்க. பந்தை வெட்டி நகமா ஒட்டியிருக்கறனுங்க."

பெரியப்பா என்னைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், வாசலில் ஜீப்பைப் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஹாபி, பொய், கிட்டார், அம்மாவின் பயம், ஸ்பூன் கேட்ட வெட்கம் எல்லாம். அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. கௌரியின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். பெரியப்பா அந்தத் துண்டை இலை ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, "இதை மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க? எங்க ஊட்டுச் சோறு உங்களுக்கு ஆகலையாக்கும்னு ராத்திரியெல்லாம் நான் தூங்கவேயில்ல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை உறிஞ்சினேன். பிறகு அவரே வெளியே போய் முருகேசனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். அவன் மூன்று தடவை சோறு வாங்கினான். தை மாதம் கல்யாணம் என்று அங்கேயே பேசி முடித்தோம்.

அடுத்த சனிக்கிழமை ஃபோர்ஷ்பீல். மேடைக்குப் பக்கவாட்டில் ஃப்ராவ் லிண்ட்னர் என் கையைப் பிடித்துப் பார்த்து, மஞ்சள் படிந்த நகங்களைக் கண்டு, நான் புகை பிடிக்கிறேனா என்று கேட்டார். "இல்லை, தம்பிக்குக் கல்யாணம்" என்றேன். அவர் வாழ்த்துச் சொன்னார், ஆனால் தம்பி கல்யாணத்துக்கு அண்ணன் நகம் ஏன் மஞ்சளாக வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க என் ஜெர்மன் போதாது. மோதிரவிரலில் ஒட்டிக்கொள்ளப் பந்து வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஏழு வயதுக்காரி ஒருத்திக்குப் பிறகு என் முறை. அலுவலகத்து ஆறு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல் என்று வரிசையாக மீட்டுகிற பாட்டு அது. மூன்று சுரம் ஆசிரியை சொன்னபடி கணீரென்று விழுந்தது. நான்காவது மட்டும் நகமில்லாத வெறும் விரலால் மெத்தென்று, மந்தமாக, ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ அதைப் பிழை என்று நினைத்திருப்பார்கள். கைதட்டி முடித்ததும் ஆசிரியை என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீர்கள், ஜனவரி கடைசிக்குள் முழுசாக வளர்ந்துவிடும்" என்றார். நான் விரலை மடக்கி மாதத்தை எண்ணிப் பார்த்தேன். ஜனவரி கடைசி என்றால் தை, தம்பி கல்யாணம். மஞ்சக்குட்டைப் பந்தியில் முதல் இலை எனக்குத்தான்.