மாலக்கிக்கு மட்டும் கேட்காத கீச்சு

இல்லை, குழந்தைக்கு அவரைப் பிடிக்காமல் ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால்குடி மறக்காத பிள்ளைக்குப் பிடித்தது ஏது, பிடிக்காதது ஏது? பாலைப் பிடிக்கும். என்னைப் பிடிக்கும். அவ்வளவுதான்.

நான் சொல்வது மாலக்கி லவெலைப் பற்றி. என் சம்பந்தி. என் மகள் சோர்ச்சாவை அவர் மகன் டெக்லனுக்குக் கொடுத்திருக்கிறோம். நுவாலா எங்கள் இருவருக்கும் முதல் பேத்தி. மூக்கு எங்கள் பக்கம். பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

மேயோ மாவட்டத்தில் எங்கள் கடற்கரைப் பக்கம் வண்டி வைத்திருக்கிற யாருக்கும் மாலக்கியைத் தெரியாமல் இருக்காது. வீட்டு முற்றத்திலேயே தகரக் கொட்டகை போட்டு ரிப்பேர் பார்க்கிறார். சின்ன வயதில் அப்பாவின் டிராக்டரைப் பிரித்துப்போட்டு உதை வாங்கினாராம். மறுபடி பூட்டியபோது முன்னைவிட நன்றாக ஓடியதாம். அவரிடம் மெஷின் எதுவும் கிடையாது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று. அதன் நுனியை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவார். நாங்கள் மூச்சுவிடாமல் நிற்போம். "தண்ணி பம்பு" என்பார். பிரித்தால் தண்ணி பம்புதான். மாலக்கியின் காதுக்கு அப்பீல் இல்லை என்று நாங்களே சொல்லிச் சொல்லி அவரையும் நம்ப வைத்துவிட்டோம்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வேனில் அவர் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இலையுதிர் காலத்திலேயே அந்த வேன் கத்த ஆரம்பித்துவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் போதும், பன்றியின் வாலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கின மாதிரி ஒரு கீச்சு. கொஞ்சம் சூடானதும் நின்றுவிடும். தெரு முழுக்கக் கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. மெக்கானிக்கிடம் போய் "உன் வேன் கத்துது" என்று சொல்வது, பாதிரியாரிடம் போய் ஜெபம் சொல்லிக் கொடுப்பது மாதிரி. எங்கள் ஊரில் அது நடக்காது. டெக்லன்கூட, "அவருக்குத் தெரியாததா? ஏதோ பார்ட்ஸுக்குக் காத்திருக்காரு" என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் தெரு டோனி ரடி மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். "மாலக்கி, பின்னாடி பன்னி ஏத்திருக்கியா?"

மாலக்கி சிரித்தார். வேன் குப்பையாகக் கிடப்பதைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாள் வேனைக் கூட்டிச் சுத்தம் செய்தார்.

குழந்தை வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. தினமும் காலையில் வேனை ஸ்டார்ட் செய்து, சூடாகட்டும் என்று முற்றத்தில் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, டெக்லனும் சோர்ச்சாவும் இருக்கும் மாடிக்கு ஏறுவார். பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். குழந்தை தூங்கும் அறை ஜன்னலுக்கு நேர்கீழேதான் வேன் நிற்கும். கீச்சு கேட்டுத் தூக்கிவாரிப்போட்டுக் கத்திக்கொண்டிருக்கும் குழந்தை, கதவு திறந்ததும் பார்ப்பது இவர் முகத்தை. தூக்கினால் இன்னும் வீறிடும். சாயங்காலம் அவர் வரும்போது தூங்கிப் போயிருக்கும்.

"எங்கிட்ட மட்டும்தான் இப்படி" என்று போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்து சொன்னார். தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. "உங்ககிட்ட சிரிக்கிறா. டோனிகிட்டகூட சிரிக்கிறா. அவன் மூஞ்சியப் பாத்து!"

"சின்னப் பிள்ளைங்க அப்படித்தான் சம்பந்தி."

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். எங்க வீட்டுல அப்பனோட அப்பன்தான் பிள்ளையக் கோயில் வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போகணும். டெக்லன எங்க அப்பா தூக்கிட்டுப் போனாரு. ஊரே பாக்க, அவ என் கையில கிடந்து வீறிடணுமா? நீங்க தூக்கிட்டுப் போங்க. எனக்கு முதுகு வலின்னு சொல்லிடறேன்."

உண்மையைச் சொன்னால், எனக்குக் கசக்கவில்லை. ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"உங்களப் பாத்து இல்ல சம்பந்தி. அந்த வேன் போடுற கத்தலுக்குத்தான் அவ முழிச்சுக்கறா."

"எந்த வேன்?"

"உங்க வேன்தான்."

"என் வேன் கத்துதா?"

நான் டீயைக் குடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஆள் அனுப்பாமல் தானே நடந்து வந்து கூப்பிட்டார். குழந்தையோடு சோர்ச்சா எங்கள் வீட்டுக்கு வந்திருந்ததால் அவர் முற்றத்தில் வேனைச் சுற்றி நாங்கள் இரண்டு பேர்தான். பானெட்டைத் திறந்து வைத்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க. ஹெட்லைட்டு, ஹீட்டரு எல்லாத்தையும் போடுங்க" என்றார். போட்டேன். என் பல் கூசியது. அவர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் அழுத்தி இங்கே வைத்தார், அங்கே வைத்தார்.

"இப்ப கத்துதா?"

"கத்துது."

"இப்பவுமா?"

"ஆமா சம்பந்தி."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். டாஷ்போர்டில் நாக் மாதா கோயிலிலிருந்து வாங்கிய தீர்த்த பாட்டில் இருந்தது, மாதா உருவத்தில், நீல மூடி போட்டது. எங்கள் பக்கம் அது இல்லாத வண்டி கிடையாது. அதை எடுத்து மூடியைத் திருகினார்.

"தீர்த்தமாச்சே!"

"மாதா மெக்கானிக் வண்டியிலதானே இவ்வளவு நாள் இருந்தா, பொறுத்துக்குவா. நீங்க இறங்கி வந்து என் எதிர்ல நில்லுங்க. உங்க மூஞ்சிய நான் பாக்கணும்."

ஓடுகிற பெல்ட்டின்மேல் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார். கீச்சு சட்டென்று நின்றது. என் தோள் தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பியது, என் முகம் சுருங்கியது. அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டுதான்" என்றார். "லூசா இருந்தா தண்ணி பட்டதும் இன்னும் மோசமா கத்தியிருக்கும். உங்க மூஞ்சி இன்னும் கோணியிருக்கும்."

எஞ்சினை அணைத்து பெல்ட்டைக் கழற்றினார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தது. பெல்ட் ஓடும் உருளைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தன. கொட்டகையில் ஆணியில் தொங்கிய புது பெல்ட்டை எடுத்து மாட்டினார். டீ போடுகிற நேரம்கூட ஆகவில்லை. நான் சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. கீச்சு போய்விட்டது என்று கைகாட்டினேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். காது மடல் வரை சிவந்துபோயிருந்தது.

"மார்டி கான்வேயைப் புதைச்ச அன்னைக்கும் கத்துச்சா?"

அன்று கல்லறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, வழியை மறைக்கிறதே என்று வேனை நகர்த்தப் போனார். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் திரும்புனாங்களே. எனக்கு வணக்கம் சொல்றாங்கன்னு நெனச்சு நானும் ஸ்டியரிங்குலேர்ந்து விரலத் தூக்கி வணக்கம் காட்டினேன் சம்பந்தி. மார்டி பொண்டாட்டிக்கு நேரா!"

தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தொப்பிக்குள்ளிருந்தே, "பெர்னி" என்றார்.

தபால் ஆபீஸ் பெர்னி இதே சத்தத்தோடுதான் அவரிடம் காரைக் கொண்டுவந்திருந்தாள். "வண்டியில ஒண்ணுமில்ல, உன் காதுலதான் ஏதோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர் கராஜுக்குப் போனாள். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாமல் யாரும் எங்கேயும் போக முடியாது. அன்றிலிருந்து ரோட்டில் எதிரே வந்தால் அவளுக்கு மாலக்கி ஸ்டியரிங்கிலிருந்து விரல் எடுப்பதில்லை.

அப்படியே கிரீஸ் கையோடு தபால் ஆபீஸுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். பென்ஷன் வாங்க வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் வரிசையைத் தாண்டிப் போகவில்லை, தன் முறை வரும்வரை நின்றார்.

"பெர்னி, உன் காது நல்லாத்தான் இருக்கு. என்னுதுதான் போயிடுச்சு. பேச்சு கேக்குது, கீச்சு கேக்கறதில்ல."

பெர்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அன்னைக்கே உங்க வேனையும் சேத்துச் சொல்லியிருப்பேன் மாலக்கி. வாய் வரல" என்றாள். "ஸ்டாம்பு வேணுமா?"

ஒன்று வாங்கிக்கொண்டார். வெளியே வந்து அதை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாடி ஜன்னலில் நுவாலாவை வைத்துக்கொண்டு நின்றேன். தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே சூட் போட்டுக்கொண்டு மாலக்கி வேனை ஸ்டார்ட் செய்தார். இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

"முழிச்சிட்டாளா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

நம்பவில்லை. மாடி ஏறி வந்து, குனிந்து, கிட்டத்தில் பார்த்தார். மெதுவாகக் கண் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சப்புக்கொட்டினாள், அவ்வளவுதான். அவர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான்.

"கோயில்ல நீங்க பக்கத்துலயே நில்லுங்க சம்பந்தி" என்றார், அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "பாதிரியாரு மெதுவாப் பேசுவாரு. நீங்க எப்ப தலையாட்டுறீங்களோ, உங்களப் பாத்து நானும் ஆட்டிக்கறேன்."