கேசட்டில் விழாத கோல்

அம்மாக்கண்ணுவின் குரல் காட்டுப்பன்றிகளை விரட்டி வளர்ந்த குரல். ஜவ்வாது மலையில், தேக்குமரத்தூரில் அவளுடைய சாமைக் கொல்லை ஓடைக்கு இந்தப் பக்கம். பன்றிகள் அந்தப் பக்கம். பரண்மேல் நின்று அவள் ஒரு சத்தம் போட்டால் பன்றிகள் மட்டுமல்ல, எதிர்ச் சரிவில் புளி உலுக்குகிறவர்களும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலைப் பற்றி அவளுக்குப் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. 1986இல் அது கேசட்டில் ஏறும்வரை, வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

அவளுடைய கணவன் வேடியப்பன் ஊர் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர். கொழுந்தன் அர்ச்சுனன் முன்னால் நின்று கோல் அடிக்கிறவன். கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்த பையன்கள் ஊர் திரும்பும்போது ஒரு பந்தையும் கொண்டுவந்தார்கள், அதில் ஆரம்பித்த டீம். ஊரில் சமதரை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பந்து தவறினால் பள்ளத்துக்கு உருண்டுவிடும், யாராவது இறங்கி எடுத்துவர வேண்டும். அந்தச் சோம்பலிலேயே எல்லோரும் பந்தைக் காலை விட்டு விலகாமல் ஓட்டப் பழகியிருந்தார்கள். செங்கத்தில் ஆடி மாத ஞாயிறுகளில் நடக்கும் கோப்பைப் போட்டிக்கு அந்த வருடம்தான் முதன்முதலாகப் பெயர் கொடுத்தார்கள்.

அம்மாக்கண்ணுவுக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் செங்கம் போனது கடுக்காய் விற்க. மூட்டை சீக்கிரமே தீர்ந்துவிட்டது, மலைக்குத் திரும்பும் பஸ் சாயங்காலம்தான். நிழல் தேடி மைதானத்து ஓரம் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்தாள். மரத்துக்கு நேர் முன்னால் கோல்போஸ்ட். அதற்குள் அவள் புருஷன். சற்று நேரத்தில் அவனை நோக்கி ஒரு கும்பலே ஓடிவருவதைப் பார்த்தாள்.

“யோவ், எடது பக்கம் வர்றான் பாரு, எடது பக்கம்.”

இடது பக்கம்தான் வந்தது. வேடியப்பன் விழுந்து பிடித்தான். அதோடு அம்மாக்கண்ணுவின் கதை முடிந்தது. அடுத்த ஞாயிறுகளில் கடுக்காய் இல்லாமலேயே பஸ் ஏறினாள்.

அந்த நிழலுக்கு இன்னொரு பங்காளியும் இருந்தார். தேவராஜ், செங்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கேமரா புத்தம் புதிது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கையாவது பழகட்டும் என்று மலைக்கார டீமின் ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் எடுத்தார். அவர்கள் ஜெயித்துக்கொண்டே போனதால் அவரும் எடுத்துக்கொண்டே போனார். கடைசி ஞாயிறு அமிர்தி டீமோடு இறுதி ஆட்டம். ஆளுக்கொரு கோலில் இழுபறியாக நின்று, விசில் ஊதப்போகும் நேரத்தில் அர்ச்சுனன் அடித்த கோலில் கோப்பை தேக்குமரத்தூருக்கு வந்தது. பஸ்ஸில் அதைக் கீழே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மடி மாறி மடி மாறி மலையேறியது.

தேவராஜுக்கு அடுத்து ஓய்வு கிடைத்தது மார்கழியில்தான். டிவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கூட்டுறவுச் சங்கத்துக் கிடங்கில் சாமை மூட்டைகளை ஒருபுறமாக ஒதுக்கிவிட்டு, வெளிச்சம் வராமல் கதவைச் சாத்தினார்கள். பட்டப்பகலில் உள்ளே ஊரே இருட்டில் உட்கார்ந்திருந்தது.

திரையில் பச்சையாக மைதானம் தெரிந்தது. உடனே ஒரு குரல் கிடங்கை உலுக்கியது.

“யோவ், எடது பக்கம் வர்றான் பாரு.”

அம்மாக்கண்ணு திரும்பிப் பார்த்தாள். “யாரு அது, இப்படிக் கத்துறது?”

“நீங்கதாங்க அண்ணி,” என்றான் அர்ச்சுனன்.

“நானா? நான் எங்க இப்படிக் கத்துனேன்?”

தேவராஜ் பொறுமையாக விளக்கினார். “கேமராவுலயே மைக் இருக்குதுக்கா. பக்கத்துல யாரு பேசறாங்களோ அவுங்க குரலத்தான் மொதல்ல புடிக்கும்.”

அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. ஆனால் கதவுவரை ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குரல் ஓயவில்லை. அரையிறுதியில் வேடியப்பன் கால்களுக்கு நடுவே பந்து புகுந்து கோலானது. உடனே கேசட் பேசியது.

“அந்தக் கால எதுக்குய்யா வச்சிருக்கற? வூட்டுக்கு வா, சோறு கெடையாது.”

கிடங்கு சிரிப்பில் குலுங்கியது. பக்கத்து வீட்டு மங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “மெய்யாலுமே சோறு போடலியா, வேடியப்பா?”

“சோறு போட்டா. கொழம்புதான் ஊத்தல.”

அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முந்தானைக்குள் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அவளுக்குக் கூச்சம் போய்விட்டது. தான் சொன்னதையே திரும்பவும் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ஜெயித்தாகிவிட்ட ஆட்டம் என்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள். அமிர்திக்காரர்கள் சமன் செய்தபோது ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு, “போச்சு, இனிமே அவ்ளோதான்,” என்றார்.

இறுதி ஆட்டத்தின் இறுதி நிமிஷம் வந்தது. அர்ச்சுனன் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். திரையில் பந்து அவன் காலுக்கு வந்தது. ஒருவனைத் தாண்டினான். அந்த நேரம் பார்த்துப் படம் சட்டென்று திரும்பி மேடைக்குப் போய்விட்டது. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் காரிலிருந்து இறங்கி, மாலை வாங்கிக்கொண்டு, கோலி சோடாவை வாயில் வைத்தார். பின்னால் அம்மாக்கண்ணுவின் குரல் மட்டும் கேட்டது.

“போ அர்ச்சுனா, போ, போ, உள்ள தள்ளு, வலதுல தள்ளு, அய்யோ போய்ட்டுது, போய்ட்டுது.”

அந்தக் கூச்சலில் பெரிய மனிதர் திடுக்கிட்டுப் பாதி சோடாவை வெள்ளைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

ஊர் உருண்டு புரண்டு சிரித்தது. அர்ச்சுனன் மட்டும் சிரிக்கவில்லை.

“எங்க சார் என் கோலு?”

தேவராஜின் முகம் சுருங்கிவிட்டது. “பழக்கதோஷம் தம்பி. கல்யாணத்துல பெரிய ஆளு வந்தா கேமரா தானா அங்க போய்டும்.”

அர்ச்சுனன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவ்வளவு நாளும் அந்த ஒரு கோலைப் பார்க்கத்தான் அவன் காத்திருந்தான். அம்மாக்கண்ணு எழுந்து டிவிக்கு முன்னால் வந்தாள்.

“கோலு எங்கயும் போவல. மாதையா, அந்தப் பந்த எடுத்துனு வா. தேவராஜு, நீ கொஞ்சம் பின்னாடி ஓட்டு. எல்லாரும் நடுவுல வழி வுடுங்க.”

டீம் பையன் மாதையன் பந்தைக் கொண்டுவந்தான். இரண்டு மூட்டைகள் கோல்போஸ்ட் ஆயின. தேவராஜ் டெக்கை ரீவைண்ட் செய்தார். திரையில் பெரிய மனிதர் மறுபடி காரிலிருந்து இறங்க, டிவிக்குள்ளிருந்து அவள் குரல் “போ அர்ச்சுனா” என்றது. அர்ச்சுனன் ஓடினான். உட்கார்ந்திருந்த சாந்தம்மாளைச் சுற்றிக்கொண்டு, மாதையனை ஏமாற்றி, “வலதுல தள்ளு” என்ற சொல்லுக்குச் சரியாக உதைத்தான். பந்து மூட்டைகளுக்கு நடுவே புகுந்து சுவரில் மோதியது. அதே நொடியில் திரையில் சோடா கொட்டியது. கிடங்கு வெடித்தது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியவில்லை. கோப்பை வாங்கிய அன்றுகூட இவ்வளவு கூத்து இல்லை.

“இன்னொரு தபா,” என்றான் அர்ச்சுனன், மூச்சு வாங்க.

ஜெனரேட்டரில் எண்ணெய் தீரும்வரை அவன் கோல் அடித்துக்கொண்டே இருந்தான்.

இந்தச் செய்தி தேவராஜ் வாய் வழியாக அமிர்திவரை போயிற்று. பொங்கல் கழிந்து ஒரு நாள் அமிர்தி டீம் முழுவதும் மலையேறி வந்துவிட்டது. கோல்கீப்பர் பழனிதான் பேசினான். “நாங்க தோத்தத நாங்களே பாக்கலீங்க. எங்களுக்கும் போட்டுக் காட்டுங்க.”

மறுபடி ஜீப், மறுபடி கிடங்கு. அவர்கள் தங்கள் கோலுக்குத் தாங்களே கைதட்டினார்கள். சோடா கொட்டியபோது ஊர்க்காரர்களைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு எல்லோருக்கும் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும், வந்தது வந்தோம், ஒரு ஆட்டம் ஆடிவிடலாம் என்று முடிவாயிற்று.

மேய்ச்சல் வெளியில் கோல் குச்சிகளை நட்டார்கள். பழனி அம்மாக்கண்ணுவிடம் வந்து தலையைச் சொறிந்தான். “அக்கா, இன்னிக்கு மட்டும் எங்க கோலுக்குப் பின்னால நில்லுங்க. சும்மா நின்னா போதும்.”

“சும்மாதான் நிப்பேன்,” என்று போய் நின்றாள். அர்ச்சுனன் பந்தோடு பாய்ந்து வந்தான். பழனி தடுமாறினான்.

“வலது பக்கம் அடிக்கப் போறான், வலது பக்கம்.”

பழனி வலது பக்கம் பாய்ந்து பந்தை அணைத்துக்கொண்டான். அர்ச்சுனன் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

“அண்ணி, நீங்க எந்த ஊரு?”

“நான் இன்னா பண்றது? வாய் தானா சொல்லுது.”

வாய் அன்று முழுவதும் தானாகவே சொன்னது. எதிர்முனையிலிருந்து வேடியப்பன் எவ்வளவோ சைகை காட்டினான். அமிர்தி ஒரு கோலில் ஜெயித்தது. பழனி அவள் காலைத் தொட்டுக் கும்பிட வர, அவள் ஓடி மங்கம்மாளுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் வேடியப்பன் கோபத்தோடு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் திரும்பி முறைத்தான். பிறகு அவன் உதட்டிலும் சிரிப்பு துடித்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.